அரசியலமைப்புச் சட்டத்துக்குள் மாமல்லபுரம்! வரைந்தது ஒரு பல்கலைக்கழகக் கலைத் துறை

வணக்கம். இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் அசல் பிரதியைப் புரட்டிக்கொண்டே போனால், 12ஆம் பகுதியில் சோழர் காலத்து நடராஜர் வருவார். அடுத்த பகுதியில் நம் மாமல்லபுரம்: கங்கை இறங்கி வரும் அந்தப் பாறைச் சிற்பம். கடையில் வாங்குகிற சட்டப் புத்தகத்தில் இவற்றைத் தேடாதீர்கள், கிடைக்காது. கையால் எழுதி, கையால் படம் தீட்டிய பிரதி அது.

யார் வரைந்தது? மேற்கு வங்காளத்தில், சாந்திநிகேதனில் இருக்கும் விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் கலைத் துறை. பெயர் கலா பவனம். நந்தலால் போஸ் என்ற ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து செய்த வேலை.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1919ல் தாகூர் கலா பவனத்தைத் தொடங்கினார். 1921ல் விஸ்வபாரதி, 1951ல் அது மத்தியப் பல்கலைக்கழகம். போதும், சுவாரசியமான இடத்துக்கு வருவோம்.

முகப்புரைப் பக்கம் இப்போது திரையில் இருக்கிறது. வீடியோவை ஒரு நொடி நிறுத்திவிட்டு, ஓரச் சித்திர வேலைப்பாட்டின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். நாகரி எழுத்தில் சின்னதாக 'ராம்' என்று இருக்கும். அந்தப் பக்கத்தை அலங்கரித்த பியோஹர் ராம்மனோகர் சின்ஹாவின் கையெழுத்து அது. நந்தலாலின் மாணவர். நம் தேசியச் சின்னமான சிங்கத் தூணை இந்தப் பிரதிக்கு வரைந்த தீனாநாத் பார்கவா அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். கல்லில் செதுக்கிய சிங்கத்தைப் பார்த்து வரைந்தால் போதாது என்று, நிஜச் சிங்கத்தைப் பார்க்க அவரைக் கொல்கத்தா மிருகக்காட்சிசாலைக்கே அனுப்பினார் ஆசிரியர். நாட்டின் மிக முக்கியமான ஆவணத்தை மாணவர்கள் கையில் நம்பிக் கொடுத்தார் பாருங்கள், எனக்கு அந்தத் துணிச்சல்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. மாணவர்களின் பெயர்கள் பாடப்புத்தகங்களில் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் யாராவது இருந்தால் இந்தப் பகுதியை மட்டுமாவது அனுப்பி வையுங்கள்.

அப்புறம், இந்த வீடியோவை எடுக்கவே காரணமான விஷயம். ஒரு சிலை.

1938. இந்திய நகரங்களில் அப்போது பொது இடத்துச் சிலை என்றால் பெரும்பாலும் ராஜா, ராணி, வைஸ்ராய். பீடத்தின் மேல் உயரத்தில் நிற்பார்கள், நாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் கலா பவனத்தில் ஒருவர் ஆள் உயரத்துக்கும் பெரிதாக ஒரு குடும்பத்தை வடிக்கிறார். வேலை தேடி ஊர் மாறிப் போகும் சந்தால் பழங்குடிக் குடும்பம். கணவன் தோளில் காவடித் தடி. ஒரு பக்கக் கூடையில் குழந்தை. பக்கத்தில் மனைவி. கூடவே ஓடி வரும் நாய். அதையும் விடவில்லை.

வடித்தவர் ராம்கிங்கர் பைஜ். பாங்குராவில் எளிய குடும்பத்தில் பிறந்து, 1925ல் சாந்திநிகேதனுக்கு மாணவராக வந்தவர். சந்தால் மக்கள் அவருக்குத் தினமும் பார்க்கிற அக்கம்பக்கத்து மனிதர்கள்.

இப்போது எதனால் செய்தார் என்று கேளுங்கள். வெண்கலமும் இல்லை, பளிங்கும் இல்லை. சிமெண்டும், அந்த வட்டாரத்துச் செம்மண் பூமியில் கிடைக்கிற செம்புறாங்கல் சரளையும். கம்பியால் எலும்புக்கூடு மாதிரி ஒன்றைக் கட்டி, கலவையை அதன் மேல் நேராக அப்பி அப்பி உருவாக்கியிருக்கிறார். கிட்டே எடுத்த படத்தைக் காட்டுகிறேன், பாருங்கள். தோல் வழவழப்பாக இல்லை. சரளை துருத்திக்கொண்டு நிற்கிறது. அவர்கள் நடந்த மண்ணையே எடுத்து அவர்கள் உடம்பைச் செய்துவிட்டார்! வெண்கலத்தில் செய்திருந்தால் இதில் பாதி அழகுகூட வந்திருக்காது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் கமெண்டில் வாருங்கள், பேசுவோம்.

நம் மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை 1959ல் வந்தது. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் வங்காளிதான். அதற்கு 21 வருஷம் முன்பே, உழைக்கும் மக்களுக்கு இவ்வளவு பெரிய சிலையை ஒரு கல்லூரி வளாகத்தில் வெட்டவெளியில் வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் முதல் நவீன பொதுவெளிச் சிற்பம் என்று கலை வரலாற்றாளர்கள் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். பார்க்க டிக்கெட் எடுத்து அருங்காட்சியகத்துக்குள் போக வேண்டிய பொருளாக அவர் இதைச் செய்யவில்லை. வயலுக்குப் போகிறவர் போகிற போக்கில் பார்க்கும்படி வைத்தார். ஒரு கலைத் துறை சமூகத்துக்கு என்ன செய்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தச் சிலையைத்தான் காட்டுவேன்.

அதே 1938ல் காந்தி கேட்டுக்கொண்டதற்காக ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு நந்தலால் வரைந்த படங்களிலும் தச்சர், தையல்காரர், மேளம் அடிப்பவர் என்று இதே மக்கள்தான்.

கலா பவனத்தில் படித்தவர்கள் பட்டியல் நீளம். சத்யஜித் ராய் உண்டு. பினோத் பிகாரி முகர்ஜி உண்டு: 1950களில் கண் பார்வை முழுவதும் போன பிறகும், 1972ல் கலா பவனச் சுவருக்கு ஓடுகளால் ஆன பெரிய சித்திரத்தை உருவாக்கினார். கே. ஜி. சுப்ரமணியன் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனதால் அரசுக் கல்லூரிகளின் கதவு மூடியது. 1944ல் கலா பவனம் சேர்த்துக்கொண்டது. பிற்காலத்தில் அங்கேயே பேராசிரியராகி, ஒரு கட்டடம் முழுவதையும் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களால் நிரப்பினார். எண்பதைத் தாண்டிய வயதில் அதே சுவர்களை மறுபடி புதிதாகத் தீட்டினார்.

சுற்றுவட்டார மக்களுக்கு வருமானம் ஏதாவது வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. பத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும் துணி), அச்சுப் பதித்த தோல் பை, காந்தா என்ற வங்காளத்துப் பூத்தையல் எல்லாம் சாந்திநிகேதன் பெயரில் இன்றும் விற்கின்றன; தோல் பொருள்களுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இதில் பாதிப் பெருமை பக்கத்திலேயே 1922ல் தொடங்கிய ஸ்ரீநிகேதன் கிராம மேம்பாட்டு மையத்துக்குச் சேர வேண்டும். வகுப்பறையில் பிறந்த வடிவங்களைக் கிராமத்துக் கைகளுக்குக் கொண்டு சேர்த்தது அதுதான்.

நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: டிசம்பர் 3 நந்தலாலின் பிறந்த நாள். அதையொட்டி டிசம்பர் 1, 2 தேதிகளில் நந்தன் மேளா என்ற கலைச் சந்தையைக் கலா பவனத்தில் நடத்துவார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் தாங்களே செய்த ஓவியம், மண்பாண்டம், நாட்காட்டி எல்லாவற்றையும் விற்பார்கள். அந்தப் பணம் மாணவர் நல நிதிக்குப் போகிறது. ரயிலில் இறங்க வேண்டிய நிலையம் போல்பூர். உங்கள் ஊர்க் கலைக் கல்லூரி மாணவர்கள் பொது இடத்தில் செய்த வேலை எதையாவது பார்த்திருந்தால், எந்த ஊர், எந்தச் சுவர் என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவுக்கு அங்கே கிளம்பிவிடலாம்.