மதமா, அவசரமா?

நடுவருக்கும் அவைக்கும் வணக்கம்.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அரியணையை இழந்தது கத்தோலிக்க மதத்தாலா, அவசரத்தாலா? அவசரத்தால்தான். அதைச் சொல்லும் முன் ஒரு பீர் வியாபாரியைப் பார்த்துவிட்டு வருவோம்.

1687. கத்தோலிக்கர் மீதும் புராட்டஸ்டன்ட் அரசுத் திருச்சபையில் சேராத மற்றவர் மீதும் இருந்த தண்டனைச் சட்டங்களை மன்னர் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே நிறுத்திவைத்தார். அதோடு விட்டாரா? 1688-இல் அந்த அறிவிப்பை மறுபடி வெளியிட்டு, அரசுத் திருச்சபையின் எல்லா கோயில்களிலும் வாசிக்கச் சொன்னார். முடியாது என்று ஆர்ச்பிஷப் சான்கிராஃப்ட் உட்பட ஏழு பிஷப்புகள் மனு எழுதினார்கள். மனு எழுதியதே குற்றம் என்று வழக்கு, லண்டன் டவரில் சிறை.

ஜூரி பன்னிரண்டு பேர். ராத்திரி முழுக்கப் பூட்டி வைத்துவிட்டார்கள், சாப்பாடு கிடையாது, மெழுகுவத்திகூடக் கிடையாது. அதில் ஒருவர் ஆர்னால்ட், அரண்மனைக்கு பீர் காய்ச்சிக் கொடுப்பவர். "குற்றமில்லை என்றால் ராஜா இனி என்னிடம் வாங்கமாட்டார், குற்றம் என்றால் வேறு யாருமே வாங்கமாட்டார்கள்" என்று புலம்பினாராம். அவர் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்! ஒரு பக்கம் ஒரே ஒரு ராஜா, இன்னொரு பக்கம் ஊரே தாகத்தோடு நிற்கிறது! மற்றவர்கள் விடுதலை என்ற பிறகும் இவர் அசையவில்லை. அப்போது ஆஸ்டின் என்ற ஆஜானுபாகு எழுந்தார். "என்னைப் பார், இங்கே பெரிய உடம்பு எனக்குத்தான், இந்த மனுவைக் குற்றம் என்று சொல்வதற்குள் புகையிலைக் குழாய் அளவுக்கு இளைத்துப் போவேன், அதுவரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன்" என்றாராம். விடிந்ததும் பீர்க்காரர் இறங்கி வந்தார். ஜூன் 30, ஏழு பேரும் விடுதலை.

ஹவுன்ஸ்லோ திடலில் சிப்பாய்கள் ஆரவாரம் செய்தார்கள். லண்டனை மிரட்ட மன்னரே நிறுத்திய படை! என்ன சத்தம் என்று கேட்டார். "ஒன்றுமில்லை, பிஷப்புகள் விடுதலையானதற்குக் கத்துகிறார்கள்" என்றார்கள். "இதையா ஒன்றுமில்லை என்கிறீர்கள்?" என்றார் மன்னர். அதே நாளில்தான் ஏழு பிரமுகர்கள் ஹாலந்தில் இருந்த மன்னரின் மருமகன், மகள் மேரியின் கணவர் வில்லியமைப் படையோடு வரச்சொல்லிக் கடிதம் எழுதினார்கள்.

சரி, எதிரணி அம்மா ஒன்று சொன்னார்கள். "பெற்ற மகளே மதத்துக்காக அப்பாவை விட்டுப் போனாள், பெண்ணைப் பெற்றிருந்தால் இந்த அணிக்கு அது புரியும்" என்றார்கள். கைதட்டினீர்கள். அம்மா, எனக்கும் மகள் இருக்கிறாள், அதனால்தான் கேட்கிறேன். மன்னரின் மகள்கள் மேரியும் ஆனும் புராட்டஸ்டன்டாகவே வளர்ந்தவர்கள், அப்பா கத்தோலிக்கர் என்பது ஊருக்கே தெரிந்து பதினைந்து வருஷம் ஆகிறது, அந்தப் பதினைந்து வருஷமும் அவர்கள் அவருக்கு மகள்களாகத்தானே இருந்தார்கள்? 1685-இல் மன்மத் என்கிற புராட்டஸ்டன்ட் அண்ணன் மகன் கலகம் செய்தபோது நாடு யார் பக்கம் நின்றது? இதே கத்தோலிக்க ராஜா பக்கம்! அன்றும் அதே மதம், 1688-லும் அதே மதம். நடுவில் என்ன மாறியது? மூன்றே வருஷத்தில் படையில் ஆள் மாற்றம், ஆக்ஸ்ஃபோர்டு மாட்லின் கல்லூரியிலிருந்து ஆசிரியர்கள் வெளியேற்றம், பிஷப்புகளுக்குச் சிறை. மெதுவாகப் போங்கள் என்று கத்தோலிக்கப் பிரபுக்களே கெஞ்சினார்கள் அம்மா, ரோமில் போப்பாண்டவரே இந்த வேகத்தை ரசிக்கவில்லை.

வில்லியம் படையோடு வந்திறங்கிய அந்த நவம்பர் கடைசியில், ஆனும் எதிர்ப்பக்கம் போய்விட்டாள் என்று கேட்டதும் "கடவுளே, என் பிள்ளைகளே என்னைக் கைவிட்டார்களே" என்று கதறினார் அந்த மனிதர். எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அவர் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஏற முடியாதவர்கள் இருந்தார்களே! யாருக்கும் கெடுதல் நினைக்காமல் வீட்டு அறையில் பூசை கண்ட சாதாரணக் கத்தோலிக்கக் குடும்பங்கள், அவர்கள் என்ன அவசரப்பட்டார்கள்? அவர்கள் மேல் சட்டம் இன்னும் இறுகியது. நாடாளுமன்றத்தில் உட்கார 1829 வரை, நான்கைந்து தலைமுறை, காத்திருந்தார்கள். நடுவர் அவர்களே, மதம்தான் காரணம் என்று எழுதினால் பழி மறுபடியும் அவர்கள் தலையில்தான் விழும். அவர்களை விட்டுவிடுங்கள், மன்னரின் அவசரத்தின் மேல் எழுதுங்கள்.