பிறந்த குழந்தையின் மூளை பாதிப்பை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடுமா?

ஒரு தாய் அனுப்பியிருக்கும் கேள்வி இது: "பிறந்தவுடன் என் மகன் அழவில்லை. தொப்புள் கொடி இரத்தத்தில் பிஎச் 6.9 என்று எழுதியிருக்கிறார்கள். மூளை பாதிக்கப்பட்டதா என்பதை இரத்தமே காட்டிவிடாதா? எம்ஆர்ஐ வரை ஏன் காத்திருக்க வேண்டும்?"

சகோதரி, அந்த 6.9 உங்களைத் தூங்கவிட்டிருக்காது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆக்சிஜன் போதாதபோது திசுக்கள் அது இல்லாமலே சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெற முயல்வதால், லாக்டிக் அமிலம் சேர்ந்து, இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணான பிஎச் இறங்குகிறது; 7.0-க்குக் கீழே போனால் மருத்துவர்களான நாங்கள் கவலைப்படுவோம். ஆனால் அந்த அமிலம் தசை, குடல், கல்லீரல் என உடல் முழுவதிலிருந்தும் வருவது. குழந்தை எவ்வளவு திணறியது என்பதை அது சொல்லும். மூளை எவ்வளவு தாங்கியது என்பதைச் சொல்லாது. 7.0-க்குக் கீழே இருந்தும் எந்தக் குறையுமின்றி வளர்ந்த குழந்தைகள் பலர் உண்டு. மறுபுறம், கொடியின் இரண்டு தமனிகளே குழந்தையிடமிருந்து வரும் இரத்தத்தைக் கொண்டவை. தவறுதலாகச் சிரையில் ஊசி போட்டு எடுத்துவிட்டால், நஞ்சுக்கொடியிலிருந்து திரும்பும் இரத்தம் கிடைத்து, எண் உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும்.

மூளைச் செல்கள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் புரதங்களும் உண்டு. அவற்றுள் என்எஸ்இ என்பது நரம்புச் செல்களில் இருப்பது. ஆனால் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பச்சிளங்குழந்தையின் குதிகாலைக் குத்திப் பிழிந்து எடுக்கும் சொட்டுகளில் சிவப்பணுக்கள் உடைந்து, தெளிவாக இருக்கவேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக மாறிவிட்டால், மூளைக்கு ஒன்றும் நேராமலே அந்த அளவு ஏறிவிடும். எஸ்100பி என்ற இன்னொரு புரதம் மூளையில் மட்டுமல்ல, கொழுப்புத் திசுவிலும் இருக்கிறது. நரம்புச் செல்களைத் தாங்கும் செல்களிலிருந்து வரும் ஜிஎஃப்ஏபி மீது எனக்கு நம்பிக்கை அதிகம்; ஆயினும், எத்தனையாவது மணி நேரத்தில் எடுத்தால் எந்த அளவு ஆபத்து என்பதற்கு எல்லாரும் ஏற்கும் வரையறை இன்னும் உருவாகவில்லை.

அப்படியொரு பரிசோதனைக்காக நான் ஏங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மூளையைக் காக்க உடலை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைக்கும் சிகிச்சையைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். செல்வந்த நாடுகளில் பலன் தந்த அச்சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் ஆராய்ந்த ஹெலிக்ஸ் ஆய்வு 2021-இல் வெளியானது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்திருந்தனர். நம் பகுதிக் குழந்தைகள் பலருக்குப் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களுள் ஒன்று. பாதிப்பு எப்போது தொடங்கியது என்பதை முதல் சில மணி நேரத்திலேயே இரத்தம் காட்டிவிட்டால், யாரைக் குளிர்விப்பது என்ற முடிவு எவ்வளவு தெளிவாகிவிடும்!

அதுவரை உடற்பரிசோதனை, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி, சில நாட்கள் கழித்து எடுக்கும் எம்ஆர்ஐ ஆகியவற்றை இரத்த முடிவுகளோடு சேர்த்தே பார்க்கிறோம். உங்கள் மருத்துவரிடம், அந்த இரத்தம் தமனியில் எடுக்கப்பட்டதா, வலிப்பு இருந்ததா, ஈஈஜி எப்படி இருந்தது என்று கேளுங்கள். மகன் மார்பைப் பற்றிச் சப்பிக் குடிக்கிறானா, தூக்கும்போது உடல் துவள்கிறதா என்று நீங்கள் கவனித்ததையும் சொல்லுங்கள். எங்களுக்கு அதுவும் ஒரு பரிசோதனை முடிவுதான்.