மூன்றாவது பீரியடில் உயரும் கை

(சென்னையில் ஒரு பள்ளியின் ஆசிரியர் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், முதல் வரிசை காலியாகத்தான் இருக்கிறது. எனக்குக் கொடுத்த தலைப்பு, வகுப்பை விட்டு அடிக்கடி வெளியே போகும் மாணவர்களைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பது. அந்தத் தலைப்போடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. ஏனென்றால் வகுப்பு நேரத்தில் வராண்டாவில் நடமாடுகிற பிள்ளைகளில் நிறைய பேரை வெளியே அனுப்பியதே நாம்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள், 1000 மணி நேரப் பாடம் என்று சொல்கிறது. ஒரு பிள்ளை தினமும் பத்து நிமிடம் வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், பெரிய விஷயமாகத் தெரியாது. 220 நாளுக்கு அது 2,200 நிமிடம். நாற்பது நிமிட பீரியடாகப் பிரித்தால் 55 பீரியட், எட்டு பீரியட் நாள் கணக்கில் ஏறக்குறைய ஏழு நாள். நவம்பர் மழைக்கு இரண்டு நாள் லீவு விட்டாலே டிவியில் செய்தி ஓடுகிறது, அப்புறம் சனிக்கிழமை பள்ளி வைத்து ஈடுகட்டுகிறோம். இந்த ஏழு நாளை ஈடுகட்ட எந்தச் சனிக்கிழமையும் கிடையாது.

சரி, பாத்ரூமுக்கு வருவோம், ஆசிரியர்கள் அதிகம் அலுத்துக்கொள்வது அதற்குத்தான். மூன்றாவது பீரியட் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் ஒரு கை உயரும், ‘மிஸ், பாத்ரூம்’. ‘இப்பதானே இன்டர்வெல் விட்டாங்க, அப்ப என்ன பண்ண?’ என்று நாம் கேட்போம். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. 300 பெண் பிள்ளைகள், உருப்படியாக இருக்கும் கழிப்பறை ஆறு, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வையுங்கள். பத்து நிமிட இன்டர்வெலில் முப்பது பேர்தான் போய் வர முடியும். வரிசையில் நின்றே மணி அடித்துவிட்ட பிள்ளைதான் மூன்றாவது பீரியடில் கை தூக்குகிறது. அதை ஒழுங்கீனம் என்று எழுதி வைத்தால் வரிசை குறையுமா? ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புக்கு ஒரு நேரத்திலும், ஒன்பதுக்கு மேல் இருபது நிமிடம் தள்ளியும் இன்டர்வெல் விட்டுப் பாருங்கள். மணி இரண்டு தடவை கூடுதலாக அடிக்க வேண்டும், கால அட்டவணை போடுகிறவர் ஒரு நாள் திட்டுவார், அவ்வளவுதான் செலவு.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அம்மாக்களுக்குத் தெரியும். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், நாப்கின் போடக் கூடை இல்லாத மூலை, இதையெல்லாம் பார்த்துவிட்டு அந்தப் பெண் தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிவிட்டாள். சென்னை வெயிலில், மின்விசிறி மெதுவாகச் சுற்றும் வகுப்பில், நாள் முழுக்க. நீர்க்கடுப்பும் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் வந்து இரண்டு நாள் லீவு போட்டால், பாத்ரூமுக்கு விடாமல் நாம் மிச்சம் பிடித்த நிமிடம் எல்லாம் வட்டியோடு போகும். தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் பழக்கம் கேரளப் பள்ளிகளில் வந்து, இங்கேயும் வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் குடித்த தண்ணீர் போகவும் வழி வேண்டுமில்லையா, அதைப் பேச நமக்குக் கூச்சம்.

‘சும்மா சுத்தப் போறவனும் இருக்கான் சார்’ என்று ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. அவனுக்காகக் கதவோரம் ஒரு நோட்டு தொங்கவிடுங்கள், பெயர், போன நேரம், வந்த நேரம், ஒரு சமயத்தில் ஒருவர். மாதக் கடைசியில் அதைப் புரட்டினால் சில விஷயம் தெரியும். ஒரு பையன் எப்போதும் ஆங்கிலம் வாசிக்கச் சொல்லும் பீரியடில்தான் போகிறான் என்றால் அவனுக்கு வாசிக்க வரவில்லை, வகுப்பு முன்னால் திணற வெட்கப்படுகிறான். ஒரு பிள்ளை திடீரென்று அடிக்கடி போகிறது, தாகமும் அதிகமாக இருக்கிறது, மெலிந்தும் வருகிறது என்றால் தாமதிக்காமல் வீட்டுக்குச் சொல்லி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் இப்படித்தான் தலைகாட்டும். ஒரே ஆசிரியரின் பீரியடில் பத்துப் பேர் போகிறார்கள் என்றால், அதைத் தலைமையாசிரியர் தனியாக உட்கார்ந்து யோசிக்கட்டும். அந்த நோட்டைப் பெற்றோர் கூட்டத்தில் விரித்து வைத்து யாரையும் அவமானப்படுத்தக் கூடாது, அப்படிச் செய்தால் மறுநாளே நோட்டு காணாமல் போகும்.

இப்போது நாம் வெளியே அனுப்புகிற கூட்டத்துக்கு வருகிறேன். ஸ்டாஃப் ரூமிலிருந்து சாக்பீஸ், பக்கத்து வகுப்புக்கு சர்க்குலர், கட்டுரை நோட்டுக் கட்டு, ஆபீசுக்கு வருகைப் பதிவேடு. கெட்டிக்காரப் பிள்ளைக்கு நோட்டும் சர்க்குலரும், படிப்பு வராது என்று நாம் முத்திரை குத்திய பிள்ளைக்கு பெஞ்சு தூக்குவதும் தண்ணீர் கேன் தூக்குவதும். யாரைக் கழிப்பறை கழுவச் சொல்கிறார்கள் என்பதும், அது எந்த வீட்டுப் பிள்ளை என்பதும் நம் மாநிலச் செய்தித்தாளில் அவ்வப்போது வருவதுதான், நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பாடம் அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் அதிக நேரம் வெளியே நிற்கிறது, எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

அடுத்து பள்ளி வாசல் கேட். மெட்ரோ வேலைக்காகத் தெருவைத் திருப்பிவிட்டு எவ்வளவு நாளாகிறது என்று மாதவரம், பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களைக் கேளுங்கள். பஸ் நிற்காமல் போனதால் ஐந்து நிமிடம் தாமதமாக வந்த பிள்ளையைப் பிரேயர் முடிந்து முதல் பீரியட் முழுக்க மைதானத்தில் நிறுத்தி வைத்தால், ஐந்து நிமிடத் தப்புக்கு நாற்பது நிமிடத் தண்டனை. முதல் பீரியட் பெரும்பாலும் கணக்கு வேறு. பெயரை எழுதிக்கொண்டு உள்ளே விடுங்கள், அடிக்கடி நடந்தால் வீட்டில் பேசுங்கள். ஃபீஸ் கட்டவில்லை என்று வெளியே நிறுத்துவது அதைவிட மோசம். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளை உடலாலோ மனதாலோ துன்புறுத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது, கடன் இருந்தால் அது பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் இடையில்.

விளையாட்டை மட்டும் நான் இழப்பில் சேர்க்க மாட்டேன். குறுவட்டப் போட்டிக்குப் போன பையன் வெளியே நின்றவன் இல்லை, அவனும் கற்றுக்கொண்டுதான் வருகிறான். திரும்பி வந்ததும் விட்டுப்போன பாடத்தை அவனுக்கு யார் சொல்வது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதை நிறுத்தினாலும் பாதி நடமாட்டம் தானாகக் குறையும் என்பது என் எண்ணம். ஆண்டு விழா டான்ஸ் பயிற்சிக்கு மூன்று வாரம் மதியம் முழுக்கப் போவது வேறு கதை, அதற்கு நான் எதிரி.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நிதி தரும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் உண்டு, 251 முதல் 1000 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 75,000 ரூபாய், அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைக்கு. அதாவது 7,500 ரூபாய். 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய அந்தத் திட்ட நிதியையே மத்திய அரசு நிறுத்தி வைத்த கதை உங்களுக்குத் தெரியும். அந்த 7,500 ரூபாய் வந்தாலும் கூட்டுகிறவருக்குச் சம்பளம் தேறாது, ஆனால் தாழ்ப்பாள், பக்கெட், மக், மூடி போட்ட கூடை எல்லாம் வாங்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, குழுக் கூட்டம் முடிந்ததும் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பாமல், ஒரு தடவை இன்டர்வெல் நேரத்தில் வந்து கழிப்பறை வரிசையைப் பாருங்கள், அம்மாக்கள் பெண் பிள்ளைகள் பக்கம், அப்பாக்கள் பையன்கள் பக்கம். அப்புறம் தீர்மானம் எழுதுங்கள்.

இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள், அந்தக் கடைசி பெஞ்சு அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்.