மூளைக்கட்டியோட எல்லை எங்க முடியுது? எம்ஆர்ஐ பத்தி முத்தொரையில இருந்து

(திரையில்: முத்தொரை மலைச்சரிவு, காலை மூடுபனி, வரிசையா நிக்குற இரும்புச் சட்டங்கள்)

வணக்கம் மக்களே. ஊட்டிக்குப் பக்கத்துல முத்தொரைல நிக்கிறேன். பின்னாடி தெரியுறது ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-ல இருந்து வானத்துல இருந்து வர்ற ரேடியோ அலைய கேட்டுட்டு இருக்கு. மூளைக்கட்டி வீடியோவ இங்க ஏன் எடுக்குறேன்னா எம்ஆர்ஐயும் ரேடியோ கேக்குற மெஷின்தான், எக்ஸ்ரே மாதிரி நிழல் புடிக்கிறது இல்ல.

போன வருஷம் எங்க அத்தைக்கு விடாத தலைவலி, வலது கை மரத்து மரத்துப் போச்சு, கோத்தகிரில பாத்துட்டு கோயமுத்தூருக்கு எழுதிக் குடுத்தாங்க, அங்க ஸ்கேன் எடுத்து "கட்டி இருக்கும்மா"ன்னு சொன்னதோட சரி, வீட்டுல எல்லாரும் அந்த ஃபிலிம ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு பாத்துட்டே இருந்தோம், ஒண்ணும் புரியல. அப்புறம்தான் நான் இதெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

நம்ம உடம்புல பாதிக்கு மேல தண்ணி. தண்ணில இருக்குற ஹைட்ரஜனோட அணுக்கரு ஒவ்வொண்ணும் குட்டி காந்தம், பெரிய காந்தத்துக்குள்ள போனா பம்பரம் தலையாட்டுற மாதிரி ஆடும். 1.5 டெஸ்லா (காந்த பலத்தோட அளவு) மெஷின்ல அந்த ஆட்டம் நொடிக்கு கிட்டத்தட்ட 6.4 கோடி தடவை, அதாவது 64 மெகாஹெர்ட்ஸ், நம்ம எஃப்எம் ஸ்டேஷனுங்களுக்குக் கொஞ்சம் கீழ. அதே அலைவரிசைல ரேடியோ அலைய அனுப்பித் தட்டி விட்டா திரும்பி நேரா வரும்போது அதுங்களே சிக்னல் குடுக்கும். காந்தத்தோட பலத்த இடத்துக்கு இடம் லேசா மாத்தி வச்சா எந்த சிக்னல் எந்த இடத்துல இருந்து வருதுன்னு தெரிஞ்சிடும். உள்ள படுத்தா டொக் டொக்னு சத்தம் கேக்குதே, அது இந்த மாத்துற வேலைதான். பால் லாட்டர்பர் 1973-ல இத வச்சு முதல்ல படமாக்கினது ரெண்டு மெல்லிசு குழாய்ல இருந்த தண்ணிய! 2003-ல அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் குடுத்தாங்க.

இங்க ஒரு சொந்தம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். லாட்டர்பர் பல கோணத்துல இருந்து எடுத்த கோடு கோடான அளவுகள சேத்து படமாக்கினார். அதே மாதிரி கணக்க 1956-லயே வானத்துல இருந்து வர்ற ரேடியோ அலைய படமாக்குறதுக்காகப் போட்டவர் பிரேஸ்வெல்ங்கிற ரேடியோ வானியல் விஞ்ஞானி. அவர்கிட்ட ஸ்டான்ஃபோர்டுல ஆராய்ச்சி பண்ணின கோவிந்த் ஸ்வரூப்தான் இந்த முத்தொரை தொலைநோக்கிய கட்டினவர்.

(திரையில்: முதுமலை போற ரோடு, ரெண்டு பக்கமும் உன்னிச்செடி)

சரி, கட்டிக்கு வருவோம். நரம்புல கடோலினியம் மருந்து ஏத்துவாங்க. மூளைல ரத்தக்குழாய் சுவரு அத வெளிய விடாது, ஆனா வேகமா வளர்ற கட்டில அந்த சுவரு ஒழுகும், அங்க மருந்து கசிஞ்சு ஃபிலிம்ல வெள்ளையா தெரியும். எங்க அத்தை ஃபிலிம்லயும் அப்படி ஒரு வளையம் இருந்துச்சு, நாங்க அதுதான் கட்டி, அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சோம். க்ளையோமான்னு மூளைக்குள்ளயே உருவாகுற ஒரு வகை கட்டி, அது அப்படி இல்லைங்க. இந்த உன்னிச்செடியப் பாருங்க, புதரு அடர்த்தியா இருக்குற இடம் தூரத்துல இருந்தே தெரியும், ஆனா பத்தடி தள்ளி புல்லுக்குள்ள ஒண்ணு ரெண்டு கன்னு வேர் விட்டிருக்கும், அது தெரியாது. க்ளையோமா செல்லும் வெள்ளையா தெரியுற இடத்த தாண்டி நல்ல மூளைக்குள்ள ஊடுருவி இருக்கும். எங்க வரைக்கும் வெட்டுறது, எங்க வரைக்கும் ரேடியேஷன் குடுக்குறது? மூளைக்கட்டி எம்ஆர்ஐ ஆராய்ச்சில பெரும்பாடு இந்தக் கேள்விக்குத்தான்.

ஒரு வழி, தண்ணி எவ்வளவு தாராளமா நகருதுன்னு அளக்குறது, டிஃப்யூஷன்னு சொல்றாங்க. மே மாசம் மலர் கண்காட்சி அன்னைக்கு சேரிங் கிராஸ்ல நடந்து பாருங்க, அடியெடுத்து வைக்க முடியாது. செல்லுங்க நெருக்கி அடச்சிருக்குற கட்டிக்குள்ள தண்ணிக்கும் அதே கதிதான். நரம்பு இழை இருந்தா அது நீளவாக்குல சுலபமா நகரும், அத வச்சு கை காலுக்குப் போற இழைய வரைஞ்சு பாத்துட்டு டாக்டருங்க அத விட்டு வெட்டுறாங்க.

இன்னொண்ணு ஸ்பெக்ட்ரோஸ்கோபி. தண்ணிய ஒதுக்கிட்டு மத்த வேதிப்பொருளோட மெல்லிசான குரலக் கேக்குறது. நல்ல நரம்பு செல்லுல என்ஏஏன்னு ஒண்ணு நெறைய இருக்கும், கட்டில அது கொறஞ்சு கோலின்னு இன்னொரு பொருள் ஏறும். 2012-ல இன்னும் ஒரு படி போனாங்க: ஐடிஹெச் மரபணு மாறின கட்டில மட்டும் சேர்ற 2-ஹெச்ஜிங்கிற பொருள, மண்டைய தொறக்காமலே நோயாளி தலைக்குள்ள எம்ஆர்ஐல பாத்தாங்க. அந்த வகை க்ளையோமா உள்ளவங்க பொதுவா மத்தவங்கள விட அதிக நாள் இருக்காங்க, அதனால இது ரொம்பப் பெரிய விஷயம். ஆனாலும் பயாப்ஸிக்கு, அதாவது கட்டில துண்டு எடுத்து பரிசோதிக்கிறதுக்கு, இது இன்னும் மாத்து ஆகல.

கடைசியா, ரேடியேஷன் முடிஞ்சு முதல் சில மாசத்துல எடுக்குற ஸ்கேன்ல வெள்ளை இடம் பெருசாகி இருந்தா உடனே ஒடஞ்சு போயிடாதீங்க. சிகிச்சையோட புண்ணும் அப்படியே வெள்ளையா தெரியும். கட்டின்னா புது ரத்தக்குழாய் முளைச்சு ரத்த அளவு கூடியிருக்கும், அத அளக்க பெர்ஃப்யூஷன் ஸ்கேன், அதுலயும் சந்தேகம்னா கொஞ்ச நாள் விட்டு திரும்ப எடுத்து பழசோட ஒப்பிடுறது. அதனால பழைய சிடி, ஃபிலிம் எதையும் தூக்கிப் போடாதீங்க. எங்க அத்தை எல்லாத்தையும் தேதி எழுதி ஒரே மஞ்சப்பைல போட்டு வச்சிருக்கு, அடுத்த ஸ்கேனுக்கு அந்தப் பையோடதான் மேட்டுப்பாளையம் பஸ் ஏறணும்.