ஆங்கிலச் சொற்களை எப்படிப் படித்தால் பேசும்போது வாயில் வரும்?

திரையில்: நடுவில் கோடு போட்ட ஒரு நோட்டுப் பக்கம். இடப்பக்கம் ஆங்கிலச் சொற்கள், வலப்பக்கம் தமிழ் அர்த்தம்.

இந்த மாதிரி ஒரு நோட்டு கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருந்திருக்கும். யாராவது அதிலிருந்து கேள்வி கேட்டால் டக்கென்று பதில் சொல்லிவிடுவோம், ஆனால் பேச வாயைத் திறக்கும்போது அந்தச் சொற்களில் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது. ஞாபக சக்தி குறைவு என்று நம்மை நாமே திட்டிக்கொள்வோம். எனக்கென்னவோ கோளாறு அந்த நடுக்கோட்டில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது, ஏனென்றால் இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் அதற்குச் சமமான ஒரு சொல் என்று எந்த இரண்டு மொழிகளும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பதில்லை.

தமிழ் கற்கும் ஒருவர் 'எடு' என்றால் 'டேக்' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார் என்று வையுங்கள். படம் எடு, சரி. ஓய்வு எடு, அதுவும் ஒருவழியாகப் புரிந்துவிடும். 'பசி எடுக்கிறது' என்று சொன்னால்? யார் எடுக்கிறார்கள், எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று முழிப்பார். நாமும் அதே மாதிரிதான் அந்தப் பக்கம் போய் முழிக்கிறோம். 'டேக் எ சீட்' என்றால் நாற்காலியை எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தமில்லை, உட்காருங்கள் என்று அர்த்தம். 'டேக் யுவர் டைம்' என்றால் அவசரமில்லை, நிதானமாகச் செய்யுங்கள். 'இட் டேக்ஸ் டென் மினிட்ஸ்' என்றால் பத்து நிமிடம் ஆகும். மூன்றிலும் 'எடு' எங்கேயும் வரவில்லை, பார்த்தீர்களா?

திரையில்: சீ, லுக், வாட்ச்.

இப்போது இதற்கு எதிர்மாறான சிக்கல். இந்த மூன்றுக்கும் நோட்டில் 'பார்' என்று எழுதியிருப்போம். அப்படி எழுதிவிட்டால் எதை எங்கே போடுவது என்று கடைசிவரை தெரியாது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன விளக்கம் எழுதிப் பாருங்கள். நாம் முயற்சி செய்யாமலே கண்ணில் பட்டால் அது 'சீ'. வேண்டுமென்றே கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் 'லுக்'. அசைகிற அல்லது மாறுகிற ஒன்றைக் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டே இருந்தால் 'வாட்ச்'. 'ஐ லுக்ட் பட் ஐ டிடின்ட் சீ எனிதிங்' என்ற வாக்கியம், அதாவது பார்த்தேன், ஆனால் ஒன்றும் கண்ணில் படவில்லை என்பது, இந்த விளக்கம் இருந்தால்தான் புரியும், இல்லாவிட்டால் பார்த்தேன் ஆனால் பார்க்கவில்லை என்று உளறல் மாதிரி இருக்கும்.

எளிய விளக்கம் என்றால் இதுதான். கற்பவர்களுக்கென்றே இப்படி எழுதிய அகராதிகள் இருக்கின்றன. 1978-இல் வந்த லாங்மேன் அகராதி சுமார் 2,000 அடிப்படைச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டே மற்ற சொற்களை விளக்கியது. 1987-இல் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி மேலே போய், விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது: 'நீங்கள் இப்படி இருந்தால், இப்படிச் செய்வீர்கள்' என்கிற பாணியில். உதாரணத்துக்கு 'ரிலக்டன்ட்' என்ற சொல்லை எடுங்கள். நோட்டில் 'விருப்பமற்ற' என்று இருக்கும். அந்தப் பாணியில் சொன்னால், ஒன்றைச் செய்ய உங்களுக்கு உண்மையில் மனமில்லை, அதனால் தயங்கித் தயங்கித்தான் செய்கிறீர்கள் அல்லது செய்யாமலே இருக்கிறீர்கள் என்றால் நீங்கள் 'ரிலக்டன்ட்'. இதில் ஒரு ஆளே தெரிகிறார் இல்லையா? அதனால் அடிப்படை ஓரளவு வந்தவுடன் ஆங்கிலம்–தமிழ் அகராதியிலேயே தங்கிவிடாமல் இந்த வகைக்கு மாறிவிடுவது நல்லது என்பேன்.

அப்புறம் தொடர்கள். இங்கேதான் ஆட்டமே இருக்கிறது, ஏனென்றால் அன்றாடப் பேச்சில் பெரிய பெரிய சொற்களைவிட, சின்னச் சொற்கள் சேர்ந்து நிற்கும் தொடர்கள்தான் அதிகம் புழங்குகின்றன.

திரையில்: புட் ஆஃப், புட் அப் வித், ரன் அவுட் ஆஃப்.

'புட்' தெரியும், 'ஆஃப்' தெரியும், ஆனால் இரண்டையும் கூட்டினால் 'தள்ளிப்போடு' என்று வருவதை யாராலும் ஊகிக்க முடியாது. 'புட் அப் வித்' என்றால் பிடிக்காத ஒன்றைப் பொறுத்துக்கொள்வது. 'ரன் அவுட் ஆஃப்' என்றால் கையிருப்பு தீர்ந்துபோவது, ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவற்றைப் பிரித்து மேயாதீர்கள், மொத்தமாக ஒரே சொல்லாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலில் அடிக்கடி சறுக்குகிற ஒன்று 'லுக்கிங் ஃபார்வர்ட் டு'. ஒன்றை ஆவலோடு எதிர்பார்ப்பது. பலர் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதுகிறார்கள், 'டு மீட்டிங் யூ' என்பதுதான் சரி. அதே குடும்பத்தில் இன்னொரு தொல்லை: 'ஐ யூஸ்ட் டு வாக்' என்றால் முன்பு நடப்பேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்' என்றால் நடந்து நடந்து பழகிவிட்டது. நடுவில் ஒரு 'ஆம்' வந்ததில் அர்த்தமே மாறிவிட்டது.

மறதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். படித்த கொஞ்ச நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதற்கப்புறம் மறக்கும் வேகம் குறைகிறது. அதனால் ஒரே நாளில் நூறு தடவை படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது மேல். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் இதற்கு ஒரு பெட்டி முறை சொன்னார்: அட்டையில் எழுதிய சொல் ஞாபகம் வந்தால் அது அடுத்த பெட்டிக்குப் போகும், அதை அடிக்கடி பார்க்க வேண்டாம். வராவிட்டால் மறுபடி முதல் பெட்டி. இன்றைய செயலிகள் பலவும் இதே யோசனையில் ஓடுகின்றன. ஆனால் அவற்றில் ஆயிரக்கணக்கில் ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டைகளை இறக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அட்டையில் இருப்பது உங்கள் வாழ்க்கையிலிருந்து நீங்களே எழுதிய வாக்கியமாக இருந்தால்தான் ஒட்டும்.

சரி, வீடியோவை நிறுத்திவிட்டு இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: 'சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அதனால் கூட்டத்தைத் தள்ளிப்போட்டோம்.'

திரையில்: ஐந்து நொடி இடைவெளி.

'வீ குடின்ட் புட் அப் வித் த நாய்ஸ், ஸோ வீ புட் ஆஃப் த மீட்டிங்.' நடந்து முடிந்ததைச் சொல்லும்போதும் 'புட்' மாறாது, 'புட்டட்' என்று யாராவது சொல்லியிருந்தால் இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்.