காட்டினாலே 10,000 டொலர்! 1964 பீஸ் டொலரை ஏன் ஒருத்தரும் காட்டவில்லை?

ஒரு வெள்ளிக் காசு. விற்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். கொண்டுவந்து கண்ணில் காட்டி, அசல்தான் என்று உறுதியானால் 10,000 டொலர் பரிசு. 2013இல் இப்படி அறிவித்தது பீசீஜீஎஸ் என்ற அமெரிக்க நாணய மதிப்பீட்டு நிறுவனம். அந்தக் காசை யாரும் காட்டவில்லை. வெளியே விடாத காசு என்பதால், காட்டினால் அரசாங்கம் பறித்துக்கொள்ளும் என்ற பயம் ஒருபக்கம். காட்டுவதற்கு அப்படி ஒரு காசே இல்லை என்பது மறுபக்கம். எது உண்மை?

வணக்கம் மக்களே, மீன்பாடும் தேன்நாடான மட்டக்களப்பிலிருந்து உங்கள் பழைய காசுப் பைத்தியம் பேசுகிறேன்.

(திரையில்: பீஸ் டொலரின் முன்பக்கம், பின்பக்கம்)

வரலாற்றை வேகமாக ஓட்டிவிடுகிறேன். பீஸ் டொலர், அதாவது சமாதான டொலர், முதலாம் உலகப் போர் முடிந்ததை நினைவுகூர 1921இல் வந்தது, 1935உடன் நின்றது. 1964இல் இன்னும் 45 மில்லியன் வெள்ளி டொலர் அடிக்க அமெரிக்க காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. டென்வர் நாணயச்சாலை 1965 மே மாதம் வேலையைத் தொடங்கியது. அடித்தது 1965இல், காசில் இருந்த ஆண்டோ 1964. நாட்டில் சில்லறைக்கே தட்டுப்பாடாக இருக்கும்போது, பதுக்கப் போகிறவர்களுக்கு வெள்ளி டொலரா என்று எதிர்ப்புக் கிளம்பியது. அதே மாதத்திலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் 316,076 காசு அடித்தாகிவிட்டது. உடனே என்ன சொன்னார்கள் தெரியுமா? "இதெல்லாம் பரீட்சார்த்த நாணயம், புழக்கத்துக்கு விடவே நினைக்கவில்லை." உப்புப் பார்க்கிறேன் என்று சட்டிக் குழம்பு முழுவதையும் குடித்துவிட்டுச் சொன்ன மாதிரி இருக்கிறது.

எல்லாவற்றையும் உருக்கினார்கள். சரி, இப்போது வீடியோவின் நடு மையத்துக்கு வருவோம்.

காசுகளை ஒவ்வொன்றாக எண்ணவில்லை, நிறைபோட்டுத்தான் கணக்கை முடித்தார்கள் என்பது சேகரிப்பாளர்கள் மத்தியில் காலங்காலமாக ஓடும் கதை. நம்மூர்ப் பக்கமாக யோசித்துப் பாருங்கள். அக்கரைப்பற்றில் நெல்லு மூட்டைகளைத் தராசில் ஏற்றுகிறார்கள். ஒருவன் நல்ல நெல்லில் இரண்டு பிடி எடுத்துவிட்டு, அதே நிறைக்குப் பதரும் கல்லும் போட்டுத் தைத்துவிடுகிறான். தராசுக்குத் தெரியுமா? முள் அசையாது. டென்வரில் இது இன்னும் சுலபம். ஒரு பீஸ் டொலரின் நிறை 26.73 கிராம். 1922இல் அடித்ததும் அதே நிறை, அதே 90 சதவீத வெள்ளி. அப்போது பழைய பீஸ் டொலர் கிடைப்பது பெரிய பாடும் இல்லை. வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, புதியதில் ஒன்றைப் பையில் வைத்தால் கணக்கில் ஒரு கிராம்கூடக் குறையாது. நான் பெருக்கிப் பார்த்தேன்: மொத்தம் ஏறத்தாழ 8,450 கிலோ. நூறு மூட்டைக்கு மேல் நெல்லு வரும்! அதில் ஒரு காசு மாறியதை எந்தத் தராசு கண்டுபிடிக்கும்?

நாணயச்சாலை ஊழியர்கள் இந்தக் காசில் ஆளுக்கு இரண்டை விலை கொடுத்து வாங்கினார்கள், பிறகு திருப்பிக் கேட்டபோது எல்லோரும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று இன்னொரு கதை. இதற்கு ஆதாரம்? வாய்தான்.

இந்த இடத்தில் எனக்கு நம்ம கல்லடிப் பாலம் ஞாபகம் வருகிறது. பூரணை இரவில் வாவிக்குள் துடுப்பை இறக்கி, மேல் நுனியில் காதை வைத்தால் மீன் பாடும் சத்தம் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெறும் கதையாகவே இருந்திருக்கலாம். ஆனால் 1950களில் ஒரு பாதிரியார் அதை ஒலிப்பதிவு செய்தார், இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பானது. அப்போ நிரூபணம் ஆகிவிட்டதா? சத்தம் இருக்கிறது என்பது நிரூபணம். பாடுவது மீனா, சிப்பியா, வேறு ஏதாவதா என்பது தனிக் கேள்வி. இதைச் சொன்னால் எங்கள் மாமா என்னோடு கதைக்க மாட்டார், அது வேறு விஷயம்.

1964 டொலரும் அப்படித்தான். அடித்தது உண்மை. தப்பியிருக்க வழி இருந்ததும் நம்பக்கூடியதே. தப்பியது என்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. சந்தேகமில்லாத ஒரு படம்கூட வெளியே வரவில்லை.

அதற்காக அரசாங்கம் "எல்லாம் அழிந்தது" என்றதை அப்படியே விழுங்கவும் முடியாது. 1970இல் பெட்டகமொன்றுக்குள் இரண்டு காசு இருந்தது தெரியவந்து, அவற்றையும் அழித்தார்கள். ஐந்து வருடமாக "எல்லாம்" என்பதில் இரண்டு குறைந்திருக்கிறது!

அலுமினியச் சதம் கதை இன்னும் ருசி. 1974 என்று ஆண்டு போட்டு அலுமினியத்தில் பரீட்சார்த்தமாக ஒரு சதக் காசு அடித்தார்கள். டென்வரிலும் அடித்தது வெளியே யாருக்கும் தெரியாது. நாணயச்சாலையின் முன்னாள் அதிகாரி ஒருவரின் மகன், அப்பாவின் பழைய காசுகளோடு அதையும் கலிபோர்னியாவில் ஒரு கடைக்குச் சில நூறு டொலருக்குக் கொடுத்திருக்கிறார். பிறகுதான் பெறுமதி தெரிந்தது. அரசாங்கம் கேட்டது, வழக்கு நடந்தது, 2016இல் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் காசை ஏன் நம்பினார்கள்? காசு கையில் இருந்தது, நிபுணர்கள் பரிசோதித்தார்கள், அது இருந்த வீட்டுக்காரர் அங்கேயே வேலை செய்தவர். மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின.

இப்போது மறுபக்கம். காத்தான்குடியிலிருந்து ஒரு தம்பி வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். "அண்ணே, 1964 டொலர் கிடைச்சிருக்கு, எவ்வளவு சல்லி போகும்?" படத்தில் எல்லாம் வடிவாக இருந்தது. காந்தம் ஒன்றைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்றேன். ஐந்து நிமிடம் சத்தமில்லை. மறுகா பதில் வந்தது: "ஒட்டிட்டு அண்ணே."

வெள்ளி ஒட்டாது மக்களே. ஒட்டாவிட்டாலும் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். டேனியல் கார் என்பவர் 2010இல் அசல் பீஸ் டொலர்களின் மேலேயே 1964 என்று மறுபடி அடித்து விற்றார். அதற்கு நிறையும் சரி, வெள்ளியும் சரி. காந்தமும் தராசும் அங்கே கைவிரித்துவிடும். அச்சு வேறுபாட்டைப் பார்க்கத் தெரிந்தவர்தான் பிரிக்க வேண்டும்.

என் கணக்குப்படி ஒன்றிரண்டு டென்வரை விட்டு வெளியே போயிருக்கும். அதேநேரம், நாளைக்கு ஒருத்தர் என் முன்னால் ஒன்றை நீட்டினால் முதலில் நம்ப மாட்டேன். இரண்டும் முரண் என்று நினைப்பவர்கள் கொமென்டில் சண்டைக்கு வரலாம்.

உங்களுக்கு ஒரு கேள்வி. தாத்தாவின் லாச்சியில் அந்த அசல் காசு கிடைத்தால், 10,000 டொலருக்காகக் காட்டுவீர்களா, சத்தம் போடாமல் மூடி வைப்பீர்களா? பதிலைக் கீழே எழுதுங்கள். வீட்டு விலாசத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள்.