துப்பாக்கி சத்தம் கேக்குற பறவை சரணாலயம் | சாக்ரமெண்டோ ரெஃப்யூஜ் வ்லாக்

வணக்கம் மக்களே, மணி காலைல ஏழே கால், ஜனவரி குளிரு, வடக்கு கலிஃபோர்னியாவுல வில்லோஸ்னு ஒரு சின்ன ஊரு, அதுக்கு கொஞ்சம் தெக்க ஐ-5 ஹைவேய ஒட்டியே இருக்கிற சாக்ரமெண்டோ நேஷனல் வைல்ட்லைஃப் ரெஃப்யூஜுக்கு வந்திருக்கேன். கார் ஜன்னல இறக்கி வச்சிருக்கேன், அதனால மெதுவாதான் பேசுவேன்... இருங்க, கேட்டுச்சா? தூரத்துல டுப் டுப்னு? துப்பாக்கிதான் அது. இன்னிக்கு சனிக்கிழமை. சீசன்ல புதன், சனி, ஞாயிறு மூணு நாளும் இங்க வாத்து வேட்டைக்கு அனுமதி உண்டு.

எங்க சித்தி ஊரு சிவகங்கை மாவட்டத்துல திருப்பத்தூர் பக்கம். அங்க கொள்ளுகுடிப்பட்டில கண்மாய்க்கு வர்ற பறவைங்க பயந்துரும்னு தீபாவளிக்குக்கூட வெடி போடமாட்டாங்க. அத பாத்து வளந்தவ நான், மொத தடவ இங்க வந்து இந்த சத்தத்த கேட்டப்போ வயித்த பிசைஞ்சுது, சரணாலயம்னு போர்டு வச்சுட்டு உள்ளயே சுடவிடறாங்களேன்னு கோவமா திரும்பி போயிட்டேன். அப்பறம் விசாரிக்க விசாரிக்கத்தான் விஷயம் புரிஞ்சுது.

கலிஃபோர்னியாவோட இந்த மத்திய பள்ளத்தாக்குல ஒரு காலத்துல இருந்த சதுப்பு நிலத்துல 90 சதவீதத்துக்கு மேல போயிருச்சு, எல்லாம் வயலாவும் ஊராவும் மாறிருச்சு. ஆனா அலாஸ்காலருந்து, கனடாலருந்து வர்ற பறவைக்கு அது தெரியுமா, அது பாட்டுக்கு வந்து நெல்லு வயல்ல இறங்குச்சு, விவசாயிங்களுக்கு பெரிய நஷ்டம். அதுங்க வந்து தங்கி சாப்பிட ஒரு எடம் வேணும்னுதான் 1937ல இத ஆரம்பிச்சாங்க. 10,800 ஏக்கர் சொச்சம். வேலையில்லாத இளைஞர்களுக்காக அப்ப அரசாங்கம் நடத்துன சிவிலியன் கன்சர்வேஷன் கோர்ங்கிற திட்டத்துல வந்த பசங்கதான் இந்த கரையெல்லாம் போட்டாங்க.

இங்க தண்ணி தானா நிக்கல, நம்ம ஏரி மாதிரியே மதகு வச்சு ஆளுங்கதான் விடறாங்க. வசந்த காலத்துல வடிச்சு விட்டா அந்த ஈர மண்ணுல புல்லு மொளைக்கும், அதுல வாட்டர்கிராஸ்னு ஒண்ணு, நம்ம குதிரைவாலிக்கு நெருங்கின சொந்தம், அது விதை விட்டதும் பறவைங்க வர்ற நேரம் பாத்து மறுபடி தண்ணி விடுவாங்க, அப்ப வந்து இறங்குற வாத்துக்கு ஆழமில்லாத தண்ணிக்கு அடில பந்தி தயாரா இருக்கும்!

சரி, இப்ப ஆறு மைல் ஆட்டோ டூர்ல, அதாவது கார்லயே சுத்திப் பாக்குற பாதைல போயிட்டிருக்கோம், இது வேட்டை இல்லாத பகுதி. கார விட்டு இறங்கக்கூடாது, அதுக்குன்னு இருக்கிற நிறுத்தங்கள்ல மட்டும் இறங்கலாம். காருக்கு பறவை பயப்படாது, மனுஷன் உருவம் தெரிஞ்சாதான் பறக்கும். இங்க பாருங்க, இடது பக்கம், பதினஞ்சு அடி கூட இருக்காது, தட்டைவாயன் வாத்து ஒரு இருபது, வட்டமா சுத்துதுங்க. ஒண்ணோட வாலுக்கு பின்னாடி இன்னொண்ணோட மூக்கு, செக்கு சுத்துற மாதிரி! சுத்த சுத்த அடில இருக்கறது கலங்கி மேல வரும், அந்த அகப்பை மூக்கோட ஓரத்துல சீப்பு மாதிரி பல்லு இருக்கு, அதுல தண்ணிய வடிகட்டி தின்னுது. அங்க தள்ளி நிக்கிறது ஊசிவால் வாத்து, குளிர்காலத்துல நம்ம ஊருக்கும் வருமே, அதே இனம்தான்.

ஐயோ ஐயோ மேல பாருங்க! வெள்ளைத்தலை கழுகு! அதுக்கு பயந்து ஸ்னோ கூஸ்ங்கிற வெள்ளை பெருவாத்து மொத்தமும் எந்திரிச்சிருச்சு, ஆயிரக்கணக்குல, கார் கண்ணாடியே அதிருது... எனக்கு புல்லரிக்குது மக்களே.

போன வாரம் பார்க்கிங்ல ஒரு பெரியவர பாத்தேன், வேட்டை முடிச்சு நாயோட நின்னாரு, ரெண்டு பேரும் நனைஞ்சு போயி. தயங்கி தயங்கிதான் பேச்சு குடுத்தேன். அவரு பர்ஸ்லருந்து ஒரு ஸ்டாம்ப எடுத்து காட்டினாரு, வாத்து படம், அதுக்கு மேல குறுக்க அவரோட கையெழுத்து. டக் ஸ்டாம்ப். 1934ல ஒரு டாலருக்கு ஆரம்பிச்சது, மொத ஸ்டாம்ப வரைஞ்சது டிங் டார்லிங்னு ஒரு கார்ட்டூனிஸ்ட், இப்ப 25 டாலர். வாத்து சுடணும்னா இது கட்டாயம். ஒவ்வொரு டாலர்லயும் 98 சென்ட் இந்த மாதிரி நிலத்த வாங்கவும் காப்பாத்தவும் போகுது. ஈயக்குண்டும் கிடையாது, தண்ணிக்குள்ள விழுந்தத பறவை முழுங்கி சாகுதுன்னு 1991லருந்து நாடு முழுக்க தடை.

அதுக்காக எனக்கு சுடறது பிடிச்சுப்போச்சான்னா, இல்ல. இன்னமும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுது. ஆனா இந்த மாதிரி நிலத்துக்கு அவங்க காசு குடுக்கும்போது வேடிக்கை பாக்க வர்ற நாம ஏன் குடுக்கலன்னு ஒரு உறுத்தல், போஸ்ட் ஆபீஸ் போயி நானும் ஒரு ஸ்டாம்ப் வாங்கிட்டேன், இங்க உள்ள வர்றதுக்கு அதுவே பாஸ். யார் வேணா வாங்கலாம், கேமராவோட வர்றவங்க அவசியம் வாங்குங்க.

இப்ப சாயங்காலம், பாதி வழில இருக்கிற மேடை மேல நிக்கிறேன். சூரியன் மறைஞ்சதோட வேட்டை நேரமும் முடிஞ்சுது. இதுக்குத்தான் காத்திருக்கும் போல, பாருங்க, பகல் பூரா இங்க அடைஞ்சு கெடந்த வாத்தெல்லாம் கும்பல் கும்பலா கெளம்பி வயக்காட்டு பக்கம் போகுது. இருட்டிருச்சு, கேமரால தெரியாது. றெக்க சத்தத்த மட்டும் கேளுங்க.